பகல் ஷோ

1. இரண்டு கூட்டம்

பதுளையில் ரொக் ஷோ நடந்தால் அதற்கு இரண்டு கூட்டம் வரும். மாலை ஏழு மணிக்கு டிக்கெட்டோடு வருவது டவுன் கூட்டம். மத்தியானம் மூன்று மணிக்கே வந்து, காலிக் கதிரைகளில் ஆங்காங்கே உட்கார்ந்து, ஐந்து மணிக்கு எழுந்து போய்விடுவது தேயிலைத் தோட்டத்துக் கூட்டம். நமுனுகுலப் பக்கத்துக்கும் லுணுகலைப் பக்கத்துக்கும் கடைசி பஸ் ஐந்தரைக்குப் போய்விடும். அதை விட்டால் காலையில் பெரட்டுக்கு நிற்க முடியாது. பெரட்டில் பேர் கொடுக்காதவருக்கு அன்றைக்கு வேலை கிடையாது.

ஆகவே அவர்கள் பார்ப்பது ஷோ அல்ல. ஷோவுக்கு முன்னால் நாங்கள் மைக்கையும் டிரம்மையும் கிட்டாரையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் வேலையை, அதாவது சவுண்ட் செக்கைத்தான் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் கேட்டில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. தோட்டத்து ஆட்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: பகல் ஷோ.

எல்லா மைக்கின் சத்தமும் வந்து சேர்கிற மிக்ஸருக்குப் பின்னால் நான் முதன்முதலாகத் தனியாக நின்ற நாளில் இது எனக்குத் தெரியாது. செக் முடிந்ததும் வேட்டியும் கோட்டும் போட்ட ஒருவர் என்னிடம் வந்தார்.

"நீங்கதானுங்களே மைக்ல பேசினது?"

"ஓம், டெஸ்ட் பண்ணினேன்."

"ஒன் டூ, ஒன் டூன்னு சொன்னீங்க பாருங்க, கணீர்னு இருந்துச்சுங்க. எங்க தோட்டத்து திருவிழாவுக்கும் நீங்களே வந்து சொல்லணும்."

இதை வைத்துப் பல வருடங்கள் சிரித்திருக்கிறேன். போகிற இடமெல்லாம் சொல்லி மற்றவர்களையும் சிரிக்க வைத்திருக்கிறேன். அவர் கையில் ஒரு பொலித்தீன் பை இருந்தது, அதில் பிள்ளைகளுக்கு வாங்கிய பனிஸ் இருந்தது. ஒரு ரொக் பேண்டைப் பார்க்க மலையிலிருந்து இறங்கி வந்து, என்னுடைய ஒன் டூவை மட்டும் கேட்டுவிட்டு அந்த மனிதர் திரும்பிப் போனார். அதில் சிரிக்க என்ன இருந்தது என்று இப்போது எனக்கு விளங்கவில்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. வாப்பாவுக்கு பதுளை பசாரில் ஹார்ட்வெயார் கடை. அதன் பின்அறையில் சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினேன். "ஆணி விக்கிற கடையில பாட்டு விக்கிற பொடியன்" என்று வாப்பா வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். முப்பது வருடத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்துவிட்டேன். தமிழர், சிங்களவர் எல்லோரும் என்னைக் கூப்பிடுவது 'நானா' என்றுதான், எங்கள் ஆட்களின் பேச்சில் அண்ணன். ஷோக்கள் எத்தனை என்று கேட்டால் தெரியாது. முழுதாகப் பார்த்த ஷோ ஒன்றுகூட இல்லை என்பது மட்டும் நிச்சயம். மிக்ஸருக்குப் பின்னால் நிற்கிறவன் பார்ப்பது பாடகரை அல்ல, சிவப்பு லைட் எரிகிறதா என்பதை.

2. கிக் முதலில்

சவுண்ட் செக்குக்கு ஒரு வரிசை உண்டு. முதலாவது சேனல் கிக், அதாவது காலால் அடிக்கிற பெரிய டிரம். பிறகு டிரம் செட்டின் மற்றவை: ஸ்னேர், ஹை ஹேட், டொம் மூன்று. அதற்குப் பிறகு பாஸ், கீபோர்ட். ஒன்பதாவதுதான் லீட் கிட்டார். கடைசியில் பாடுகிறவர்களின் மைக். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பாட்டைப் பாதி வாசித்துப் பார்ப்போம். அடித்தளம் சரியாக இருந்தால்தான் மேலே கட்டலாம் என்பது கணக்கு. உலகம் முழுக்க அநேகமாக இப்படித்தான் செய்கிறார்கள்.

என்னிடம் கூடுதலாக ஒரு சட்டம் இருந்தது. ஒரு சேனலைச் சரிபார்க்கும்போது மேடையில் வேறு யாரும் ஒரு கம்பியைத் தொடக்கூடாது. தொட்டால் கிட்டார் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப்பையே நிறுத்திவிடுவேன். அந்த விஷயத்தில் நான் பொல்லாதவன்.

கிக்குக்கு நான் எடுக்கும் நேரம் ஊர் அறிந்த பகிடி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு தடவை கொழும்பிலிருந்து வந்த பேண்டோடு அவர்களுடைய சவுண்ட் ஆளும் வந்தான். என்னுடைய செட்டை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் சொன்னான்: "மச்சான், பதுளையில கிக் இல்ல. தகரம்தான் இருக்கு." அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஷோ என்றாலும் கிக் டிரம்முக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடப்பேன். மைக்கை உள்ளே வைப்பேன், வெளியே எடுப்பேன், தலையணையை மாற்றுவேன். தொழில் பக்தி என்று அதற்குப் பேர் வைத்திருந்தேன். உண்மையில் அது ரோஷம்.

3. ஒன்பதாவது சேனல்

சசி நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். நாலு பேர் கொண்ட ரொக் பேண்டில் லீட் கிட்டார். அப்போது இருபத்துநாலு வயது. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, வாசித்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவனுடைய கிட்டாரை வாங்கிக் கொடுத்தது அக்கா சாந்தி. அவர் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தார். தம்பி வாசிப்பதை அவர் கேட்டதெல்லாம் ஃபோனில் வரும் வீடியோவில்தான். ரொக் கிட்டார் ஃபோன் ஸ்பீக்கரில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இருக்கும்.

சாந்தி ஒரு மாத லீவில் வந்திருந்த நேரம் பார்த்து பதுளையில் ஒரு ஷோ அமைந்தது. தம்பியை மேடையில் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று தோட்டம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாராம். ஷோ அன்று மழை. ஒரு கிழமை தள்ளிப் போட்டார்கள். தள்ளிய திகதி சாந்தி திரும்பிப் போகிற நாளாக இருந்தது.

அன்று மூன்று மணிக்கு நான் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது சசி வந்தான்.

"நானா, அக்கா இன்னைக்கு போகுது. அஞ்சு மணி கொழும்பு பஸ்ஸுக்கு சீட் போட்டாச்சு. ஷோ பாக்க ஏலாது. செக்ல ஒரே ஒரு பாட்டு முழுசா வாசிச்சிருவோமா? அதுக்குத்தான் கூட்டியாந்தேன்."

முன்வரிசையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கதிரையில் கயிறு போட்டுக் கட்டிய பெரிய பேக். அதன்மேல் கறுப்பு மார்க்கரில் பெயரும் பாஸ்போர்ட் நம்பரும் எழுதியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வாசிக்கலாம் தம்பி. ஒன் சேனல் வரட்டும்."

"அது எத்தன மணிக்கி வரும் நானா?"

"வரிசப்படி வரும். நீ போய் நில்லு."

அந்த மைதானத்துக்கு எதிரே ஒரு சரிவு இருக்கிறது. டிரம்மர் ரொஷான் கிக்கை அடித்தால் சத்தம் சரிவில் பட்டுத் திரும்பி வந்தது. டம் என்றால் கொஞ்சம் தள்ளி இன்னொரு டம். எனக்குப் பைத்தியம் பிடித்தது. பாஸ் பெட்டிகளைத் திருப்பி வைத்தேன். ஈக்யூவில் குறைத்தேன், கூட்டினேன். டிரம்முக்குள் போர்வையைத் திணித்தேன். "நானா, என் கால் கழண்டு விழப்போகுது" என்று ரொஷான் கத்தினான். "இன்னும் பத்து தரம் அடி" என்றேன்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். காலி மைதானத்தில் கேட்கும் எதிரொலி, ஆட்கள் நிறைந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மனித உடம்பு சத்தத்தைக் குடித்துவிடும். இந்தத் தொழிலில் முதல் வருடத்திலேயே படிக்கிற பாடம் அது. எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விடாமல் நின்றேன்.

நாலேகாலுக்கு சசி மறுபடி வந்தான். "நானா, நாலேகால்."

"நான் பாத்துக்கிறேன். இப்ப ஸ்னேர் வருது."

அவன் கிட்டாரைத் தோளில் மாட்டியபடியே மேடையிலிருந்து இறங்கி அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அம்ப்பில் பூட்டாத எலெக்ட்ரிக் கிட்டார் சத்தம் போடாது. கொசு பாடுகிற அளவுக்குத்தான் கேட்கும். அப்படியே வாசிக்கத் தொடங்கினான். சாந்தி குனிந்து காதைக் கம்பிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நான் மிக்ஸரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே ரொஷானுக்குக் கை காட்டினேன். அவன் கிக்கையும் ஸ்னேரையும் சேர்த்து அடித்தான். சாந்தி தலையை நிமிர்த்தி ஏதோ சொன்னார். அவர் சொன்னதை சசி பிறகு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்: "ஒன்னும் கேக்கலடா."

என் கைக்குப் பக்கத்தில் சசியின் சத்தத்தை ஏற்றுகிற ஒன்பதாவது ஃபேடர் இருந்தது. அதை ஏற்றி, "எல்லாரும் வாங்க, ஒரு பாட்டு" என்று சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லவில்லை.

நாலே முக்காலுக்கு சாந்தி எழுந்தார். சசி பேக்கைத் தூக்கிக்கொண்டான். போகிற வழியில் மிக்ஸர் பக்கம் வந்து நின்றார்.

"போயிட்டு வாரேன் நானா. நல்லா இருந்துச்சு. தம்பிய பாத்துக்கங்க."

அவர் கேட்டிருந்தது கிக்கும் ஸ்னேரும் மட்டும்தான். ஐந்து பத்துக்கு லீட் கிட்டார் சேனல் வந்தது. பஸ் ஸ்டேண்டிலிருந்து ஓடி வந்த சசி மூச்சு வாங்க வாங்க வாசித்தான்.

ஷோவில் ஆட்கள் நிறைந்ததும் அந்த எதிரொலி தானாகவே போய்விட்டது.

4. ரெக்கோர்டிங்

மனது உறுத்தியதால் அன்றைய ஷோவை மிக்ஸரிலிருந்து நேரடியாகப் பதிந்து ஒரு பென் டிரைவில் சசியிடம் கொடுத்தேன். "அக்காவுக்கு அனுப்பு" என்றேன். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எண்ணம்.

ஒரு கிழமைக்குப் பிறகு சசி கடைக்கு வந்து, அக்கா அனுப்பிய வொய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினான். பின்னால் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். அதற்கு மேலே சாந்தியின் குரல்: "எல்லாரும் கேக்குது தம்பி. பாடுறவரு கேக்குறாரு, டிரம் நல்லா கேக்குது. ஒன்னத்தான் காணோம். நீ எங்கடா நிக்கிற?"

சசி சிரித்தான். எனக்கு முகம் விழுந்துவிட்டது. காரணம் உடனே விளங்கியது. சின்ன மைதானங்களில் லீட் கிட்டாரின் அம்ப் மேடையிலேயே அலறும். அந்தச் சத்தமே ஆட்களுக்குப் போதும் என்பதால் செக்கில் வருகிறதா என்று பார்த்ததோடு சரி, ஷோவில் ஒன்பதாவது ஃபேடரை அநேகமாக ஏற்றவே மாட்டோம். மைதானத்தில் நிற்கிறவருக்கு எல்லாம் கேட்கும். மிக்ஸரில் பதிந்ததைக் கேட்கிறவருக்குக் கிட்டார் இருக்காது. முப்பது வருட அனுபவமுள்ள நான் இதை யோசிக்காமல் பதிந்திருக்கிறேன்.

"அடுத்த ஷோவுக்கு ஒன் அம்ப்புக்கு முன்னுக்கு தனி மைக் வைக்கிறேன். ஒன்ன மட்டும் தனியா பதிஞ்சு தாரேன்" என்றேன்.

"அவசரமில்ல நானா" என்றான் சசி.

அடுத்த ஷோ வரவில்லை. ஐப்பசி மழை அந்த வருடம் நிற்கவே இல்லை. பாதைகள் உடைந்தன, ஒன்றன்பின் ஒன்றாக ஷோக்களை ரத்துச் செய்தார்கள். ஒரு விடிகாலையில் சசியின் தோட்டத்தில் மண் சரிந்து லயத்தின் நாலு வீடுகளை மூடியது. சசியும் அவன் அம்மாவும் அதில் ஒரு வீட்டில் இருந்தார்கள். இரண்டாம் நாள் எடுத்தார்கள். நானும் ரொஷானும் போனோம். பாதை இல்லாததால் கடைசி இரண்டு கட்டை தூரம் சேற்றில் நடந்தோம். கிட்டாரைப் பற்றி யாரிடமும் நான் கேட்கவில்லை.

சாந்தியைக் குவைத் வீட்டுக்காரர்கள் உடனே விடவில்லை. அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை.

5. பதினோரு செக்கன்

மூன்றாவது மாதம் சாந்தி கடை வாசலில் வந்து நின்றார். மெலிந்து போயிருந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். பிளேன்டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே கேட்டார்.

"நானா, அன்னைக்கி பதிஞ்சது ஒங்ககிட்ட இருக்குங்களா?"

"இருக்கு தங்கச்சி."

"என் ஃபோன்ல போட்டா தம்பி வாசிக்கிறது கேக்கல. ஒங்க பெரிய மெஷின்ல போட்டா கேக்குங்களா?"

இல்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ரெண்டு நாள் தாங்க" என்றேன்.

இரண்டு நாளும் கடையின் பின்அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். தேத்தண்ணியில் ஊற்றிய பாலைத் திரும்ப எடுக்க முடியாது என்பார்களே, பதிந்த சத்தமும் அப்படித்தான் இருந்தது, கொஞ்சக் காலத்துக்கு முன்பு வரை. இப்போது கணினியில் குரலை வேறாக, டிரம்மை வேறாகப் பிரிக்கிற வழிகள் வந்திருக்கின்றன. அதிலும் போட்டேன். குரல் தனியாக வந்தது. டிரம் மிக அழகாக வந்தது. கிட்டார் என்று வந்ததைக் கேட்டால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ உரசுகிற சத்தம். உள்ளே போகாததை வெளியே எடுக்க எந்த மெஷினாலும் முடியாது. அந்த அறையில் தனியாக இருந்து அழுதேன். வாப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது.

பாட்டுகளில் இல்லை என்று தெரிந்த பிறகு, பாட்டுகளுக்கு நடுவே தேடினேன். நாலாவது பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்குகிறது. பாடகர் தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார், போகும்போது மைக்கைத் திறந்தபடியே சசியின் அம்ப்பின் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மைக் வழியாக சசி உள்ளே வந்திருக்கிறான். முதலில் ஒரு கம்பியைச் சுருதி கூட்டுகிறான். பிறகு இன்னொன்று. பிறகு சின்னதாக ஒரு ஓட்டம், ஏழெட்டு நோட்டு. பிறகு அவன் குரல், ரொஷானைப் பார்த்து: "பஸ் இப்ப ஹல்துமுல்ல தாண்டியிருக்கும்ல?" அதற்கு மேல் ரொஷானின் கிக் விழுகிறது. அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தேன், பதினோரு செக்கன்.

சாந்தி வந்ததும் ஹெட்ஃபோனை அவர் காதில் மாட்டிப் போட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் விரலைத் தூக்கிக் காட்டினார். மறுபடி போட்டேன். எத்தனை தடவை போட்டேன் என்று எண்ணவில்லை. கடையில் ஆணி வாங்க வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

"தங்கச்சி, கடைசியில அந்த டிரம் அடிச்சு கெடுக்குது. அத வெட்டிட்டு ஃபோன்ல போட்டுத் தாரேன்."

"வெட்டாதீங்க நானா" என்றார். "அது வந்தாத்தானே அடுத்த பாட்டு. இதுக்குப் பொறகு தம்பி வாசிக்கத்தானே போறான்."

வெட்டாமலே போட்டுக் கொடுத்தேன்.

6. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

இப்போது என்னுடைய சவுண்ட் செக்கில் வரிசை மாறிவிட்டது. வயர் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்ததும் எல்லா ஃபேடர்களையும் ஏற்றிவிட்டு, பேண்டை ஒரு பாட்டு முழுதாக வாசிக்கச் சொல்வேன். கரடுமுரடாக இருக்கும். ஃபீட்பேக் கத்தும். பாடுகிறவர் முறைப்பார். கொழும்பிலிருந்து வருகிற சவுண்ட் ஆட்கள் இந்த நானாவுக்கு வயது போய்விட்டது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். பேசட்டும். பாட்டு முடிந்த பிறகு கிக்குக்கு வருவேன்.

அதற்கு முன்னால் மைக்கை எடுத்து, "அஞ்சர பஸ்ஸுக்குப் போறவங்க முன்னுக்கு வாங்க" என்று கூப்பிடுவேன். வருவார்கள். பேக்கோடு, பிள்ளைகளோடு, மார்க்கெட்டில் வாங்கிய சாமானோடு வந்து உட்காருவார்கள். அவர்களுக்கு இதுதான் ஷோ. நாங்கள்தான் அதை டெஸ்டிங் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கிக் கெட்டுப் போனால் ஷோ நடக்கும்போதே சரிசெய்துவிடலாம், எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஐந்து மணி பஸ்ஸில் போய்விட்டவருக்கு என்னால் இதுவரை ஒன்றும் செய்ய முடிந்ததில்லை.